நல்ல நோக்கம், பிழையான சட்டம்: அமெரிக்க மதுவிலக்கு திருச்சபைக்குக் கற்பிக்கும் பாடம்

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் போதகர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்கே விடை கூறுகிறார். அரசதிகாரத்திற்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்பது ஒன்று. அரசு கடவுளுக்கு விரோதமானதைக் கட்டளையிட்டால் என்ன செய்வது என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பவுல் விடையளிக்கிறார்; இரண்டாவதற்கு அப்போஸ்தலர் 5:29 இல் பேதுரு விடையளிக்கிறார். ஆயினும் நம் சபையாரின் அன்றாட வாழ்வில் எழும் கேள்வி பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் இடையில் அமைந்துள்ளது. ஒரு சட்டம் நோக்கத்தில் நல்லது. ஆனால் அமைப்பில் பிழையுடையது. அதை நிறைவேற்றும் கடமை ஓர் அதிகாரியின்மேல் சுமத்தப்படுகிறது. அவர் அதை நிறைவேற்றும்போது, அவர்மீதும் அவரை அனுப்பிய அரசின்மீதும் மக்கள் வைத்திருந்த நம்பிக்கைக்கு என்ன நேர்கிறது?

இக்கேள்வியைப் பொதுவாக ஆராய்வதைவிட ஒரு வரலாற்று நிகழ்ச்சியின் வாயிலாக ஆராய்வதே பயனுள்ளது. 1920 முதல் 1933 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைமுறையில் இருந்த மதுவிலக்கு அதற்கு மிகவும் ஏற்றது. காரணம், அச்சட்டத்தைக் கேட்டுப் பெற்றவர்களில் முதன்மையானவர்கள் புராட்டஸ்டண்டு திருச்சபையினர். ஆகவே அதன் வரலாறு நம் சொந்த வீட்டு வரலாறும் ஆகும்.

1. சட்டம் பிறந்த வழி

மதுவிலக்கு இயக்கம் வெறும் வைதிகப் பிடிவாதத்தினால் எழுந்தது என்று எண்ணுவது தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கூலித் தொழிலாளியின் வாரச் சம்பளம் வீட்டை வந்தடையுமுன் மதுக்கடையில் கரைந்தது. பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அடித்துத் துன்புறுத்தும் கணவனிடமிருந்து தப்பிச் செல்லச் சட்டப் பாதுகாப்பும் அரிது. இந்தத் துயரத்திலிருந்தே 1874 இல் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் பிறந்தது. மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் வில்லார்டு அம்மையார் அதற்குப் பல்லாண்டுகள் தலைமை தாங்கினார். 1893 இல் ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லின் நகரில் ஹோவர்டு ஹைடு ரஸ்ஸல் என்னும் காங்கிரிகேஷனல் போதகர் மதுக்கடை எதிர்ப்புக் கழகத்தைத் தோற்றுவித்தார். ஞாயிறுதோறும் சபைகளில் காணிக்கை திரட்டி, தேர்தலில் எந்த வேட்பாளர் மதுவிலக்கை ஆதரிக்கிறார் என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு அது இயங்கியது.

முதல் உலகப் போர்க் காலத்தில் இம்முயற்சி வெற்றி கண்டது. 1917 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் அரசியலமைப்பின் பதினெட்டாம் திருத்தத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. 1919 ஜனவரி 16 ஆம் நாள் போதிய மாநிலங்கள் அதை ஏற்றுக்கொண்டன. முடிவில் 48 மாநிலங்களில் 46 இசைவு தெரிவித்தன. சட்டம் 1920 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் விர்ஜீனியாவின் நார்போக் நகரில் புகழ்பெற்ற சுவிசேஷகர் பில்லி சண்டே மதுவுக்கு ஒரு பொய்ச் சவ அடக்கமே நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் கூடினர். அன்று அங்கு நிலவிய மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் பிணம் உயிரோடுதான் இருந்தது.

2. அமைப்பில் இருந்த பிழைகள்

பதினெட்டாம் திருத்தம் மதுவை உற்பத்தி செய்வதையும், விற்பதையும், கொண்டுசெல்வதையும், இறக்குமதி ஏற்றுமதி செய்வதையும் தடை செய்தது. அதை நடைமுறைப்படுத்த 1919 அக்டோபரில் அதிபர் வில்சனின் மறுப்பையும் மீறி வோல்ஸ்டெட் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பிழைகள் பெரும்பாலும் இங்குதான் நுழைந்தன. அவற்றுள் நான்கைக் கருதுவோம்.

முதலாவது, சட்டத்தின் சொல்லுக்கும் மக்களின் எதிர்பார்ப்புக்கும் இடையே இருந்த வேறுபாடு. திருத்தம் 'மயக்கம் தரும் பானங்கள்' என்று மட்டுமே கூறியது. கடுஞ்சாராயமே தடைசெய்யப்படும், பீரும் மென்மையான திராட்சமதுவும் தப்பும் என்று கருதியே பலர் அதை ஆதரித்தனர். ஆனால் வோல்ஸ்டெட் சட்டமோ நூற்றில் அரைப்பங்கு ஆல்கஹாலுக்கு மேற்பட்ட பானம் யாவும் மயக்கம் தருவதே என்று வரையறுத்தது. தாங்கள் இசைவு கொடுத்தது ஒன்று, தங்கள்மேல் வந்தது வேறொன்று என்று மக்கள் எண்ணத் தொடங்கினர். முதல் நாளிலேயே நம்பிக்கையில் ஒரு விரிசல் கண்டது.

இரண்டாவது, விதிவிலக்குகள். மது குடிப்பதோ, சட்டம் வருமுன் வாங்கிச் சேமித்த மதுவை வீட்டில் வைத்திருப்பதோ குற்றமாகவில்லை. ஆகவே பணமுள்ளவர்கள் முன்கூட்டியே நிலவறைகளை நிரப்பிக்கொண்டனர். மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் பத்து நாளைக்கு ஒரு பைண்டு சாராயம் மருந்துக்கடையில் வாங்கலாம். சீட்டுக்கும் மருந்துக்கும் கொடுக்கப் பணம் வேண்டும். வீட்டில் பழச்சாறு தயாரிப்போருக்குச் சலுகை இருந்தது. அச்சாறு புளித்து மதுவானதை யாரும் தடுக்க இயலவில்லை. கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்கள் அழியும் என்று எதிர்பார்க்கப்பட்டது; மாறாக அவை பெருகின. தொழிலாளியின் பானமாகிய பீருக்கு மட்டும் இத்தகைய வழி எதுவும் திறக்கப்படவில்லை. சட்டம் ஏழைக்கு ஒரு முகத்தையும் செல்வனுக்கு வேறொரு முகத்தையும் காட்டியது.

திருச்சபைக்கும் ஒரு விதிவிலக்கு இருந்தது. திருவிருந்துக்கும் யூதரின் சமயச் சடங்குகளுக்கும் தேவையான மதுவைச் சட்டம் அனுமதித்தது. மெதடிஸ்ட் முதலிய சபைகள் புளிக்காத சாற்றையே பயன்படுத்தின. 1869 இல் வெல்ச் என்னும் மெதடிஸ்ட் பல்மருத்துவர் இதற்கென்றே திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் பாதுகாக்கும் முறையைக் கண்டிருந்தார். எனினும் சமயச் சடங்குக்கென்று கிடங்குகளிலிருந்து எடுக்கப்பட்ட மதுவின் அளவு ஆண்டுதோறும் உயர்ந்தது. அவ்வளவும் திருப்பீடத்திற்குத்தான் சென்றது என்று நம்ப யாரும் ஆயத்தமாக இல்லை.

மூன்றாவது, நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது என்ற குழப்பம். மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் ஒருங்கே அதிகாரம் உண்டு என்று திருத்தம் கூறியது. இருவருக்கும் பொதுவான வேலை இருவருக்கும் இல்லாத வேலையாயிற்று. மேரிலாந்து மாநிலம் தனக்கென ஒரு நடைமுறைச் சட்டத்தை இயற்றவேயில்லை. நியூயார்க் மாநிலம் தான் இயற்றிய சட்டத்தையும் 1923 இல் நீக்கிவிட்டது.

நான்காவது, கருவிகளின் குறைவு. அத்தனை பெரிய நாட்டிற்கும் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,500 மதுவிலக்கு முகவர்களே நியமிக்கப்பட்டனர். குறைந்த சம்பளம், பயிற்சி இல்லை. அரசுப் பணித் தேர்வு முறையிலிருந்து இப்பதவிகள் விலக்கி வைக்கப்பட்டன; அரசியல்வாதிகள் தம் ஆட்களை நியமிப்பதற்கு அது வசதியாயிற்று. இவ்விலக்கை மதுக்கடை எதிர்ப்புக் கழகமும் அன்று எதிர்க்கவில்லை. 1927 ஆம் ஆண்டில்தான் இப்பதவிகள் தேர்வு முறைக்குள் கொண்டுவரப்பட்டன. அதற்குள் ஏழாண்டுகள் கழிந்துவிட்டன.

3. அதிகாரிக்கு நேர்ந்தது

இப்பிழைகளை இயற்றியவர் அதிகாரி அல்லர். ஆனால் தெருவில் மக்கள் சந்தித்த முகம் அவருடையதே. சட்டமன்றத்தின் பிழைக்கு வாசற்படியில் நின்றவர் விடை சொல்ல வேண்டியதாயிற்று.

ஆயிரம் டாலர் பெறும் சரக்கைத் தடுத்து நிறுத்த வேண்டியவர் குடும்பம் நடத்தப் போதாத சம்பளம் பெறுபவரானால், சோதனை எங்கே வரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கையூட்டு முதலிய குற்றங்களுக்காக நூற்றுக்கணக்கான முகவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். சியாட்டில் நகரில் பெரும் மதுக்கடத்தல் நடத்திய ராய் ஓம்ஸ்டெட் முன்பு அந்நகரக் காவல்துறையில் அதிகாரியாக இருந்தவர். நேர்மையான முகவர்களும் இருந்தனர். ஆனால் மக்கள் அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை. நேர்மையாளன் கைதுசெய்தால், 'இவனுக்கு உரிய பங்கு வரவில்லை போலும்' என்றனர். நம்பிக்கை இழப்பின் கொடிய விளைவு இதுவே: ஒருவன் நியாயமாகச் செய்யும் செயலும் அநியாயமாகவே வாசிக்கப்படுகிறது.

மேலிடத்தின் முன்மாதிரி இந்நோயை முற்றச் செய்தது. செனட்டராக இருந்தபோது பதினெட்டாம் திருத்தத்திற்கு வாக்களித்த ஹார்டிங், அதிபரானபின் வெள்ளை மாளிகையிலேயே நண்பர்களுக்கு மது வழங்கினார். காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு மது கொண்டுபோய் விற்ற ஒருவர் 1930 இல் தம் அனுபவங்களை நாளிதழ் ஒன்றில் தொடராகவே எழுதினார். மதுவிலக்கு வழக்குகளுக்குப் பொறுப்பாக 1921 முதல் 1929 வரை நீதித்துறையில் பணியாற்றிய மேபல் வில்பிராண்ட் அம்மையார், அரசியல் நியமனங்களால் முகவர் பணி எவ்வாறு சீரழிந்தது என்பதைப் பதவி விலகியபின் வெளிப்படையாக எழுதினார்.

சட்டத்தின் கரம் எல்லார்மேலும் ஒரே எடையோடு விழவில்லை. இலினாய் மாநிலத்தின் வில்லியம்சன் மாவட்டத்தில் 1923, 1924 ஆம் ஆண்டுகளில் கு கிளக்ஸ் கிளான் அமைப்பினர் மதுவிலக்கை நிறைவேற்றுவதாகக் கூறிக்கொண்டு குடியேறிய இத்தாலியர் வீடுகளில் புகுந்து சோதனையிட்டனர். அவ்வட்டாரத்துப் புராட்டஸ்டண்டு போதகர் சிலர் இதை ஆதரித்தனர் என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. தன் சட்டத்தைத் தானே நிறைவேற்ற இயலாத அரசின் இடத்தில் வெறுப்பு வந்து அமர்ந்துகொள்ளும்.

4. கருவி இல்லாத இடத்தில் கடுமை

பிழையான சட்டம் தோற்கத் தொடங்கும்போது அதைத் திருத்துவதைவிடத் தண்டனையைக் கூட்டுவது அரசுக்கு எளிதாகத் தோன்றுகிறது. 1929 இல் நிறைவேறிய ஜோன்ஸ் சட்டம், முதற்குற்றத்திற்கே ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்க வழி செய்தது. முன்பு அதற்கு உச்ச வரம்பு ஆறு மாதமும் 1,000 டாலரும் மட்டுமே. மிச்சிகன் மாநிலத்தில், நான்காம் முறை பிடிபடுவோருக்கு ஆயுள் தண்டனை என்ற மாநிலச் சட்டத்தின்படி, 1928 இல் பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருவருக்கு மது விற்ற குற்றத்திற்காக ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் அத்தண்டனை குறைக்கப்பட்டது. ஆனால் நாடு அதை மறக்கவில்லை. மறுபுறம் நீதிமன்றங்கள் வழக்குகளால் நிரம்பி வழிந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறிய அபராதம் என்று நாள் குறித்து வழக்குகளை மொத்தமாக முடித்தனர். ஒரே சட்டம் ஒரு தாயை ஆயுள் முழுதும் அடைத்தது. வேறொருவனைச் சில டாலர்களோடு அனுப்பிவைத்தது.

இவ்வரலாற்றின் மிக இருண்ட பகுதி எரிசாராயத்தைப் பற்றியது. தொழிற்சாலைகளுக்கான ஆல்கஹால் குடிப்பதற்குப் பயன்படாதபடி அதில் நச்சுப்பொருள் கலக்க வேண்டுமென்பது அரசின் விதி. கடத்தல்காரர்கள் அதைத் திருடி, நச்சை நீக்க முயன்று, விற்றனர். அரசோ மெதில் ஆல்கஹாலின் அளவைக் கூட்ட ஆணையிட்டது. 1926 ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் நியூயார்க் நகர மருத்துவமனைகளில் நஞ்சுண்டவர்கள் வந்து குவிந்தனர்; பலர் மாண்டனர். அந்நகரின் தலைமை மரண விசாரணை மருத்துவர் சார்லஸ் நோரிஸ், மக்கள் இதைக் குடிக்கிறார்கள் என்று அறிந்தே அரசு நஞ்சு கலக்கிறது, ஆகவே இச்சாவுகளின் அறநெறிப் பொறுப்பு அரசையே சாரும் என்றார். மாண்டவர்கள் பெரும்பாலும் நல்ல மது வாங்க வசதியில்லாத ஏழைகள் என்பதையும் சுட்டிக்காட்டினார். மதுக்கடை எதிர்ப்புக் கழகத்தின் வழக்கறிஞர் வேய்ன் வீலரோ, அதைக் குடிப்பவன் வேண்டுமென்றே தற்கொலை செய்துகொள்பவனே, அவனுக்கு அரசு பொறுப்பல்ல என்ற கருத்தில் பேசினார். மனைவி மக்களைக் காக்கவென்று தொடங்கிய கிறிஸ்தவ இயக்கம் ஒன்று இவ்விடத்தில் வந்து நின்றது. அது ஒரே நாளில் வந்து சேரவில்லை. தன் சட்டத்தைக் காக்க வேண்டும் என்ற ஒரே கவலை அதை அடிமேல் அடியாக இங்குக் கொண்டுவந்தது.

ஓம்ஸ்டெட் வழக்கில், காவலர் தொலைபேசிக் கம்பிகளில் இணைப்பு வைத்து ஒட்டுக்கேட்டுத் திரட்டிய சான்று செல்லும் என்று 1928 இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற அளவில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட நீதிபதி பிராண்டைஸ், அரசு தன் நடத்தையினாலேயே முழு மக்களுக்கும் ஆசிரியராயிருக்கிறது என்றும், அரசே சட்டத்தை மீறினால் சட்டத்தை அவமதிக்க மக்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது என்றும் எழுதினார். நம் பொருளின் சாரம் இதில் அடங்கியுள்ளது.

5. திருச்சபையின் மௌனமும் பேச்சும்

மதுவிலக்கினால் நன்மையே விளையவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. தொடக்க ஆண்டுகளில் மது நுகர்வு முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது என்றும், பின்னர் அது அறுபது எழுபது விழுக்காடு வரை மீண்டும் உயர்ந்தது என்றும் மைரன், ஸ்வீபெல் என்னும் பொருளியல் அறிஞர்கள் 1991 இல் மதிப்பிட்டனர். கல்லீரல் நோயால் இறந்தோர் தொகை குறைந்தது. பழைய மதுக்கடை அதன் பழைய உருவில் திரும்பவேயில்லை. இந்நன்மைகளைக் கண்ணால் கண்டவர்கள் குறைகளைப் பேசத் தயங்கியதில் வியப்பில்லை. எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகிவிடும் என்று அஞ்சினர்.

எனினும் மூன்று குரல்களைக் குறிப்பிட வேண்டும். 1925 இல் அமெரிக்கத் திருச்சபைகளின் கூட்டவையைச் சேர்ந்த ஆய்வுத் துறை, நடைமுறையில் உள்ள தோல்விகளை மறைக்காமல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மதுவிலக்கு ஆதரவாளர் பலர் கோபமுற்றனர்; ஆனால் சபை உண்மை பேசியது. 1929 இல் பாலின் சேபின் அம்மையார் மதுவிலக்கை நீக்கக் கோரும் மாதர் அமைப்பைத் தோற்றுவித்தார். அவர் முதலில் மதுவிலக்கை ஆதரித்தவர். பிள்ளைகள் சட்டத்தின்மேல் மதிப்பே இல்லாமல் வளர்கிறார்கள் என்பதே அவருடைய வாதத்தின் மையம். தாய்மாரின் பெயரால் வந்த சட்டத்தைத் தாய்மாரே எதிர்த்தனர். மூன்றாவதாக, வாழ்நாள் முழுவதும் மதுவைத் தொடாத பாப்டிஸ்ட் விசுவாசியும், மதுக்கடை எதிர்ப்புக் கழகத்திற்குப் பொருளுதவி செய்தவருமாகிய இளைய ஜான் ராக்ஃபெல்லர், 1932 ஜூனில் தம் மனமாற்றத்தைப் பகிரங்கக் கடிதமாக வெளியிட்டார். மதுவைப் பற்றிய அவர் எண்ணம் மாறவில்லை. சட்டத்தின்மீது மக்களுக்கிருந்த மதிப்பு குன்றிவிட்டது, இத்தீமை அந்நன்மையைவிடப் பெரியது என்பதே அவர் கண்ட முடிவு.

அதிபர் ஹூவர் 1929 இல் நியமித்த விக்கர்ஷாம் குழு 1931 ஜனவரியில் அறிக்கை அளித்தது. சட்டம் சரியாக நிறைவேறவில்லை என்பதை அறிக்கை விரிவாக விளக்கியது. ஆனால் முடிவுரையில் சட்டத்தை நீக்க வேண்டாம் என்றது. உறுப்பினர் தனித்தனியே எழுதிச் சேர்த்த கருத்துகளிலோ பெரும்பான்மையோர் சட்டம் இருந்தபடியே நீடிப்பதற்கு உடன்படவில்லை. மக்கள் நகைத்தனர். 1933 டிசம்பர் 5 ஆம் நாள் இருபத்தொன்றாம் திருத்தம் நிறைவேறி மதுவிலக்கு முடிவுற்றது. அந்நாட்டின் அரசியலமைப்பில் ஒரு திருத்தம் மற்றொரு திருத்தத்தால் நீக்கப்பட்டது இது ஒன்றே.

6. இறையியல் நோக்கு

இவ்வரலாற்றை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? மூன்று கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ரோமர் 13:4 இல் பவுல் அதிகாரியைக் கடவுளின் ஊழியக்காரன் என்று அழைக்கிறார். அவ்வூழியம் 'உன் நன்மைக்கென்று' அமைந்தது என்கிறார். இதை நாம் குடிமகனுக்குரிய கட்டளையாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். அது சட்டம் இயற்றுவோருக்குரிய கட்டளையும் ஆகும். ஊழியனாக அழைக்கப்பட்ட ஒருவனை ஊழியம் செய்யவே முடியாத நிலையில் வைப்பது அவ்வழைப்பை அவமதிப்பதாகும். போதிய ஊதியமும் பயிற்சியும் தெளிவும் இல்லாமல் ஒருவனைச் சோதனையின் நடுவில் நிறுத்திவிட்டு, அவன் விழுந்தபின் அவனை மட்டும் குற்றம் சாட்டுவது நீதியன்று. சுமக்க அரிதான சுமைகளைப் பிறர்மேல் ஏற்றிவிட்டுத் தாங்கள் ஒரு விரலாலும் தொடாத நியாயசாஸ்திரிகளை இயேசு கண்டித்தார் (லூக்கா 11:46). அக்கண்டனம் சட்டத்தை மீறியவர்மேல் விழவில்லை. அமைத்தவர்மேல் விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, பாவம் அனைத்தையும் அரசின் சட்டம் தடுக்க வேண்டுமா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், மனிதச் சட்டம் நற்பண்பில் நிறைவடையாத பெருந்திரளான மக்களுக்காக இயற்றப்படுவதால் அது எல்லாத் தீய பழக்கங்களையும் தடை செய்ய முற்படலாகாது என்றார். பெரும்பான்மையோர் விலகி நிற்கக்கூடிய, குறிப்பாகப் பிறருக்குத் தீங்கு இழைக்கும் குற்றங்களையே அது தடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தாங்க இயலாத கட்டளை மக்களை இன்னும் பெரிய தீமைக்குத் தள்ளும் என்றும் எச்சரித்தார். சீர்திருத்தவாதியாகிய லூத்தரும் 1523 இல் உலகியல் அதிகாரத்தைப் பற்றி எழுதியபோது, அது உடலையும் உடைமையையும் ஆளலாம், ஆன்மாவை ஆள இயலாது என்று வரம்பிட்டார். கால்வினின் ஜெனீவா நகரம் 1546 இல் மதுக்கடைகளை மூடி, திருமறை வைக்கப்பட்ட ஒழுங்கான உணவு விடுதிகளை அவற்றிற்குப் பதிலாகத் திறந்தது. யாரும் அவற்றை நாடவில்லை. சில மாதங்களிலேயே பழைய கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. ஜெனீவா பிழை செய்தது. ஆனால் விரைவில் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவுக்கு அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. சட்டத்தை அரசியலமைப்பிலேயே பதித்துவிட்டமையால் திருத்துவதற்கான வாயிலை அது தானே அடைத்துக்கொண்டது.

மூன்றாவது, ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானது என்ற ஆண்டவரின் வாக்கு (மாற்கு 2:27) கடவுள் கொடுத்த கட்டளைக்கே பொருந்துமானால், மனிதர் இயற்றிய சட்டத்திற்கு எவ்வளவு அதிகமாகப் பொருந்தும்! சட்டத்தின் நோக்கத்தை நேசிப்பது வேறு. சட்டத்தின் வாசகத்தை நேசிப்பது வேறு. எரிசாராயத்தால் மாண்டவனைப் பார்த்து 'அவன் தேடிக்கொண்டது' என்று சொல்லும்போது ஒருவர் முதலாவதை விட்டு இரண்டாவதற்குப் போய்விட்டார் என்று அறியலாம்.

7. நம் நாட்டில்

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971 இல் தமிழ்நாட்டில் நிறுத்திவைக்கப்பட்டு, 1974 இல் திரும்ப வந்து, 1981 இல் மீண்டும் தளர்த்தப்பட்டது. 1983 இல் தோன்றிய அரசு வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. 1937 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் பெயரளவில் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்க, அதே அரசே கடை நடத்துகிறது. சொல்லும் செயலும் இவ்வாறு பிரிந்து நிற்பதைக் காணும் குடிமகன் எதைக் கற்றுக்கொள்வான்?

பீகாரில் 2016 இல் கொண்டுவரப்பட்ட மதுவிலக்குச் சட்டம் தொடக்கத்தில் குடும்பத்தாரையும் ஊராரையும் கூட்டாகத் தண்டிக்கும் விதிகளைக் கொண்டிருந்தது. 2018 இலும் 2022 இலும் அது திருத்தப்பட்டது. இரண்டாம் திருத்தத்தின்படி முதன்முறை குடித்துப் பிடிபட்டவர் அபராதம் செலுத்தி விடுபடலாம். 2021 டிசம்பரில் அன்றைய தலைமை நீதிபதி என். வி. ரமணா, முன்யோசனையின்றி இயற்றப்படும் சட்டங்கள் நீதிமன்றங்களை அடைத்துவிடுகின்றன என்பதற்கு இச்சட்டத்தையே எடுத்துக்காட்டினார். 2024 இல் பாட்னா உயர் நீதிமன்றமும், சில துறைகளின் அதிகாரிகளுக்கு இம்மதுவிலக்கு பணம் தரும் வாய்ப்பாகிவிட்டதென்றும், சிக்குவோர் பெரும்பாலும் ஏழைகளே என்றும் கூறியது. நூறாண்டுக்கு முந்தின அமெரிக்காவை வாசிப்பது போலவே இருக்கிறது.

இதனால் மதுவிலக்கே கூடாது என்று முடிவு கட்டிவிடலாகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசுக் கடைகள் திறந்திருந்த மாநிலத்தில்தான் அது நடந்தது. அரசு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரைப் பணியிடை நீக்கம் செய்தது, ஆட்சியரை மாற்றியது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலிவான நஞ்சைக் குடிப்பவன் ஏழையே. ஆகவே வினா 'தடையா, கடையா' என்பதோடு முடிவதில்லை. எந்தச் சட்டமாயினும் அது யார்மேல் விழுகிறது, யார் கையால் விழுகிறது, அக்கையை நம்பலாமா என்பதே வினா.

8. போதகரின் கடமை

ஒரு சட்டம் வேண்டுமென்று சபை அரசிடம் மனுக் கொடுக்குமுன் சில கேள்விகளைத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். இச்சட்டத்தை நிறைவேற்றப் போகிறவர் யார்? அவருக்குத் தேவையான ஊதியமும் தெளிவான விதியும் உண்டா? விதிவிலக்குகள் யாருக்குப் பயன்படும்? செல்வனும் ஏழையும் இதன்முன் ஒரே நிலையில் நிற்பார்களா? பிழை கண்டால் திருத்த வழி உண்டா? பிழையை முதலில் சொல்ல நாம் ஆயத்தமாயிருக்கிறோமா? இறுதிக் கேள்வியே கடினமானது. சட்டத்தைக் கேட்டுப் பெற்றவரே அதன் பிழையைக் கூறும்போதுதான் மக்கள் நம்புவர். அவர் மறைத்தால், அரசோடு சேர்ந்து சபையும் நம்பிக்கையை இழக்கும். அமெரிக்கப் புராட்டஸ்டண்டு சபைகள் மதுவைப் பற்றிக் கூறியது பெரும்பகுதி உண்மை. எனினும் 1933 க்குப் பின் அவர்களுடைய சொல்லுக்கு முன்பிருந்த செவி கிடைக்கவில்லை.

மற்றொரு கடமை மேய்ப்புக்குரியது. நம் சபைகளில் காவலர்களும், ஆயத்தீர்வைத் துறையினரும், வருவாய் அலுவலர்களும் இருக்கிறார்கள். கைதாகிச் சிறை சென்றவர்களின் மனைவி மக்களும் இருக்கிறார்கள். ஞாயிறன்று இருவரும் ஒரே திருவிருந்துப் பந்தியில் முழங்காற்படியிடுகின்றனர். தாம் இயற்றாத சட்டத்தின் பிழையைச் சுமந்து, அண்டை வீட்டாரின் வெறுப்பையும் மேலதிகாரியின் நெருக்கத்தையும் ஒருங்கே தாங்கும் ஒரு காவலரிடம் நம்மில் எத்தனை பேர் அமர்ந்து பேசியிருக்கிறோம்? 'கையூட்டு வாங்காதே' என்று பிரசங்கபீடத்திலிருந்து கூறுவது எளிது, கூறவும் வேண்டும். தம்மிடம் வந்த ஆயக்காரருக்கும் போர்ச்சேவகருக்கும் யோவான் ஸ்நானகன் அதைத்தான் கூறினார் (லூக்கா 3:12-14). ஆனால் அவர்கள் அச்சமின்றி வந்து 'நாங்கள் என்ன செய்யவேண்டும்' என்று கேட்கும்படியான மனிதராய் அவர் இருந்தார். அரசின்மேல் மக்கள் கொள்ளும் நம்பிக்கையைத் திருச்சபை உண்டாக்கிக் கொடுக்க இயலாது. தன் அதிகாரத்தின் சுமையோடு ஒருவர் வந்து அக்கேள்வியைக் கேட்கக்கூடிய இடமாகத் தன்னைக் காத்துக்கொள்ள இயலும்.